மாலை போடாமலே வேண்டாம்னு சொல்றது

(ஒலிப்பதிவில் பேசியது, வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தி எழுதப்பட்டுள்ளது.)

திண்டுக்கல்லில் இருந்து பேசுறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கங்க, வீடு ரோட்டோரம்.

உடம்பு குறைக்கிறதைப் பத்திப் பேசக் கூப்பிட்டாங்க. நான் டாக்டரும் இல்ல, ஜிம் மாஸ்டரும் இல்ல. நூல் மில்லுல மார்க்கெட்டிங் பாக்குறவன். வயசு முப்பத்திரண்டு. 91 கிலோவுல இருந்து 79 கிலோவுக்கு வந்திருக்கேன், அதுக்குப் பதினாலு மாசம் ஆச்சு. பன்னெண்டு கிலோ, பதினாலு மாசம். இன்ஸ்டாகிராம்ல பாக்குற வேகத்துக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை குறைச்சு ரெண்டு தடவையும் திரும்ப ஏத்தினவன் நான். அதனால தோத்த கதையையும் சேர்த்தே சொல்றேன்.

கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப். வயித்து ஸ்கேன்ல கல்லீரல்ல கொழுப்பு, கிரேடு 2. ட்ரைகிளிசரைடு கண்டபடி ஏறிக் கிடந்துச்சு. டாக்டர் பேப்பரைப் பாத்துக்கிட்டே, "குடிப்பீங்களா?"ன்னு கேட்டார்.

"சோஷியலாதான் டாக்டர்."

அவர் நிமிர்ந்து பாத்தார். "வாரத்துக்கு எத்தனை சோஷியல்?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவர் சிரிக்கல. நான் மனசுக்குள்ள எண்ணிப் பாத்தேன். சனிக்கிழமை பசங்களோட ஒண்ணு, அது நிச்சயம். கரூர், திருப்பூர்னு நூல் வாங்குற பார்ட்டிகளப் பாக்கப் போனா இன்னொண்ணு. இது போக காதுகுத்து, கிடா வெட்டு, புது வண்டி, பழைய வண்டி வித்தது. "ரெண்டு... சில வாரம் மூணு"ன்னேன். அவர் எழுதிக்கிட்டார். நான் என்னை எப்பவும் குடிக்கிறவன் கணக்குல சேத்ததே இல்ல. தினமும் கடை வாசல்ல நிக்கிறவன்தான் குடிகாரன், நான் 'கம்பெனி குடுக்குறவன்'. நம்ம ஊர்ல இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல பெரிய சுவர் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

எங்க சித்தப்பாவும் ஃபங்ஷன்ல மட்டும் குடிக்கிறவர்தான். 48 வயசுல போயிட்டார். வீட்ல எல்லாரும் "மஞ்சக்காமாலை முத்திப்போச்சு"ன்னு சொன்னாங்க. எனக்கு அப்ப காலேஜ் வயசு, நானும் அப்படியே நம்பினேன். ஸ்கேன் ரிப்போர்ட்டக் கையில வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து வர்றப்பதான், மஞ்சக்காமாலைன்னா என்னன்னு முதல் தடவையா யோசிச்சேன்.

சரி, முதல் முயற்சி. இது ஸ்கேனுக்கு முன்னாடி நடந்தது. பழனிக்கு மாலை போட்டேன். எங்க ஊருக்குத் தைப்பூசம்னா சாதாரண விஷயம் இல்ல. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியா பழனி வரைக்கும் கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர், ரோடு முழுக்கப் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமா போவாங்க. நாற்பத்தெட்டு நாள் விரதம். கறி இல்ல, சரக்கு இல்ல, ராத்திரிக்குப் பலகாரம் மட்டும். விடியக்காலை எழுந்து குளிக்கணும், அதனால ராத்திரி பத்துக்குத் தூக்கம். அந்த நாற்பத்தெட்டு நாள்ல ஏழு கிலோ குறைஞ்சேன். எந்த டயட் சார்ட்டும் கெடயாது, எந்த ஆப்பும் கெடயாது.

அதுல நான் கவனிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒருத்தன் கூட என்னைக் குடிக்கச் சொல்லல. டேபிள்ல உக்காந்திருக்கேன், பக்கத்துல பாட்டில் திறக்குறாங்க, என் முன்னாடி கிளாஸ் வைக்கிறவன் கை அப்படியே நின்னுடும். "சாமி மாலை போட்ருக்கார்டா, அவருக்கு சோடா சொல்லு." நேத்து வரைக்கும் 'டேய்'னு கூப்பிட்டவன் இன்னிக்கு 'சாமி'ங்குறான். மரியாதை வேற.

பழனி போய்ட்டு வந்து மாலையக் கழட்டினேன். அன்னிக்கு ராத்திரியே பசங்க பிரியாணியோட ரெடியா இருந்தாங்க. நாற்பத்தெட்டு நாள் பாக்கி எல்லாம் வசூல் பண்ணணும்ல. மூணு மாசத்துல எட்டு கிலோ. போட்டது ஏழு, வந்தது எட்டு, வட்டியோட. முருகன் மேல எந்தத் தப்பும் இல்ல.

ரெண்டாவது முயற்சி ஸ்கேனுக்கு அப்புறம். இந்தத் தடவை முறையா செய்வோம்னு ஜிம்முல சேந்தேன். காலைல ஒரு மணி நேரம். சாப்பாட்டையும் அளந்தேன். காலைல ரெண்டு முட்டை, ரெண்டு இட்லி. மதியம் சோத்தைப் பாதியாக்கிக் காயை ரெண்டு மடங்காக்கினேன். இதுக்கு அம்மாவோட நடந்த சண்டையே ஒரு தனி எபிசோட் வரும், "ஒரு கரண்டி சேத்துப் போட்டா என்னடா ஆயிடும்?"னு. சாயங்காலம் சுண்டல். டாக்டர் சொன்ன மாதிரி ஒரு நாளைக்குச் செலவாகுறத விட ஒரு 350 கலோரி குறைச்சல். ஆனா சனிக்கிழமைய மட்டும் தொடல. ஆறு நாள் ஒழுங்கா இருக்கோம், ஒரு நாள் மனுஷனா இருக்க வேணாமா? 'சீட் டே'ன்னு அதுக்குப் பேரு வேற குடுத்திருக்காங்க.

ரெண்டு மாசம். ஒன்றரைக் கிலோதான் குறைஞ்சது, அதுவும் வருது போகுது. வெள்ளிக்கிழமை பாத்தா குறைஞ்சிருக்கும், திங்கக்கிழமை பாத்தா ஏறியிருக்கும். ஜிம் மாஸ்டர் "தைராய்டு பாருங்க தம்பி"ன்னார். பாத்தேன், நார்மல்.

நம்ம தொழில் கணக்குத் தொழில். ஒரு பேல் நூலுக்கு எத்தனை பைசா நிக்குதுன்னு பாக்குறவன், சனிக்கிழமைக்கு மட்டும் கணக்கே எழுதல. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், தலைவலியோட உக்காந்து எழுதினேன். எல்லாம் தோராயக் கணக்குதான், நீங்களும் உங்க கணக்கை எழுதிப் பாருங்க.

முதல்ல சரக்கு. ஒரு குவாட்டர்னா 180 மில்லி. பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். அப்படின்னா அதுல கிட்டத்தட்ட 77 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில 61 கிராம். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி. சோத்துக்கும் சர்க்கரைக்கும் கிராமுக்கு 4, எண்ணெய்க்கு 9, இது நடுவுல. ஆக ஒரு குவாட்டர்ல 425 கலோரி. இது பிராந்தியா இருந்தாலும் விஸ்கியா இருந்தாலும் வோட்காவா இருந்தாலும் அதே சதவீதம்னா அதே கணக்குதான். "வோட்காவுல கொழுப்பு இல்ல மாப்ள"ன்னு ஒருத்தன் சொல்வான் பாருங்க, கொழுப்பு இல்லதான். எந்தச் சரக்குலயும் கொழுப்பு இல்ல.

அடுத்து மிக்ஸிங். அரை லிட்டர் கோலா, 210. அப்புறம் டச்சிங்ஸ். மசாலா கடலையும் மிக்சரும் சேத்து 300. சிக்கன் 65 பாதி பிளேட், 300. டபுள் ஆம்லெட், 250. இதெல்லாம் சாப்பாடே இல்ல, தொட்டுக்க. கடைசியா ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியத் திருப்பி, கல்லுல முட்டி முட்டித் தட்டுற சத்தம் கேட்டதும் போய் நிப்போமே, அங்க ரெண்டு பரோட்டா, சால்னா. குறைச்சுப் போட்டாலும் 700.

கூட்டினேன். 2185. ஆறு நாள் நாக்கைக் கட்டி நான் மிச்சம் பிடிச்சது 350 ஆறு தடவை, 2100.

இதுல சரக்கோட பங்கு 425தான். மத்ததெல்லாம் சரக்கு கூட்டிட்டு வந்த சொந்தபந்தம். சாதாரண நாள்ல ராத்திரி பதினோரு மணிக்கு யாராவது என்கிட்ட ரெண்டு பரோட்டா திங்குறியான்னு கேட்டா, வேணாம்னு சொல்ற ஆள்தான் நான். ரெண்டு ரவுண்டு உள்ள போனதும் 'வேணாம்'ங்குற ஆள் எந்திரிச்சுப் போயிடுறான், பசி மட்டும் உக்காந்திருக்கு. மறுநாள் ஞாயிறு ஜிம் கெடயாது, தலைவலி. மத்தியானம் எண்ணெயும் காரமுமா எதையாவது வாய் தேடும். அதையெல்லாம் நான் இந்த 2185-ல சேர்க்கவே இல்ல.

இன்னொரு விஷயமும் படிச்சேன். ஆல்கஹால உடம்பு சேத்து வைக்க முடியாது. அதனால உள்ள வந்ததும் முதல்ல அதைத்தான் எரிக்கும். அது எரிஞ்சு முடியுற வரைக்கும் கொழுப்பு வரிசையில நிக்கணும். 1992-ல ஒரு ஆய்வு வந்திருக்கு, எட்டு ஆண்களை அடைச்ச அறையில வச்சு, மூச்சுக்காத்தை அளந்து பாத்தாங்க. அவங்க சாப்பாட்டோட ஆல்கஹாலும் சேந்தப்ப, உடம்பு கொழுப்பை எரிக்கிறது ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறைஞ்சுடுச்சு. அதாவது சனிக்கிழமை ராத்திரி அந்த ஆம்லெட்டு, பரோட்டாவோட எண்ணெய் எல்லாம் எரியிறதுக்கு வழியில்லாம நேரா குடோனுக்குப் போகுது. என் குடோன் எங்கன்னு ஸ்கேன்லயே போட்டிருந்துச்சு.

"அதான் ஜிம் போறோமே, எரிச்சுடலாம்"னு தோணும். நடந்து எரிக்கிறதுக்கும் கணக்கு இருக்கு. 2023 நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, மாவட்டத்துக்கு ஒரு நடைபாதை, எட்டு கிலோமீட்டர். அன்னிக்கு என் எடைக்கு எட்டு கிலோமீட்டர் நடந்தா 400-லருந்து 500 கலோரி போகும். அதாவது ஒரு குவாட்டருக்கு எட்டு கிலோமீட்டர். கடலையும் பரோட்டாவும் சேத்தா நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் திண்டுக்கல்லுல இருந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் நடந்தே போகணும்.

இங்க ஒரு எச்சரிக்கை. என் கூட்டாளி ஒருத்தன், வாத்தியார்னு கூப்பிடுவோம், பள்ளிக்கூடத்துல வேலை. நான் கணக்கு சொன்னதும் அவன் வேற முடிவு எடுத்தான். "அப்ப சாப்பாட்டை விட்டுட்டு சரக்க மட்டும் அடிச்சா 425தானே?" ஒரு சனிக்கிழமை மத்தியானமே சாப்பிடல. வெறும் வயித்துல ரெண்டு ரவுண்டு. பாத்ரூம் வாசல்ல விழுந்து நெத்தியில தையல். வெறும் வயித்துல ஆல்கஹால் சட்டுனு ரத்தத்துல ஏறும், சர்க்கரை அளவும் கீழ போகலாம். கலோரிய மிச்சம் பிடிக்கிறேன்னு யாரும் இதைச் செய்யாதீங்க. அதே மாதிரி, இதைக் கேக்குறவங்கள்ல தினமும் குடிச்சே பழகினவங்க யாராவது இருந்தா, திடீர்னு ஒரே நாள்ல நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க. நான் பேசுறது என்னை மாதிரி 'சோஷியல்' ஆளுங்களுக்கு.

கணக்கு புரிஞ்சுடுச்சு. இனிமே சுலபம்னு நெனச்சேன். சாப்பாட்டுல உறுதியா இருந்தேன், நடக்குறதும் பழகிடுச்சு. டேபிள்ல உக்காந்து 'வேண்டாம்'னு சொல்றதுதான் என்னால முடியல.

முதல்ல பொய் சொன்னேன். "ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுறேன்." ஒரு வாரம் ஓடுச்சு. அடுத்த வாரம் "பல்லுப் புடுங்கினேன்." அதுக்கடுத்து "வண்டி ஓட்டணும்." இந்தக் கடைசிக் காரணம் சட்டப்படி ரொம்பச் சரியானது, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினா கேஸு. ஆனா எங்க ஊர்ல அது காரணமே இல்ல. "வண்டிய இங்கயே போடு, ஆட்டோல போ"ன்னுடுவாங்க. ஒருத்தன் கேட்டான், "மாலை எதுவும் போட்ருக்கியாடா?" இல்லன்னேன். "அப்புறம் என்ன?"ன்னான்.

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. எங்க ஊர்ல குடிக்க மாட்டேன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு மரியாதையான வழிதான் இருக்கு, அது சாமி. சாமிக்காக நிறுத்தினா கால்ல விழுவாங்க. தனக்காக நிறுத்தினா 'பெரிய ஆளாயிட்டான்'. பொண்ணுங்களுக்கு இது நேர்மாறா இருக்கும்னு நெனச்சேன், ஆனா சென்னையில வேலை பாக்குற என் தங்கச்சி சொன்னா, ஆபீஸ் பார்ட்டியில அவளும் ஜூஸ் கிளாஸ் வச்சுக்கிட்டு இதே விசாரணையத்தான் தாங்குறாளாம். அங்க சாமிக்குப் பதிலா 'டீம்'.

எங்க கூட்டத்துல மூணு பேர். வாத்தியார், வெங்காயப் பேட்டைக்காரன், அப்புறம் பட்டறைக்காரன். பட்டறைன்னா பூட்டுப் பட்டறை. அவங்க தாத்தா காலத்துலருந்து திண்டுக்கல் பூட்டு செய்றவங்க. இப்ப பூட்டு வேலை ரொம்பக் குறைஞ்சு போய் கேட்டு, கிரில் வேலைதான். ஒண்ணாம் வகுப்புலருந்து என் பக்கத்துல உக்காந்தவன். எனக்கு ஒண்ணுன்னா முதல்ல வந்து நிக்கிறவன் அவன்தான். எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப பதினோரு ராத்திரி வராந்தாவுல படுத்தவன்.

அவங்க குலசாமி கோயில்ல கிடா வெட்டு. வேடசந்தூர் பக்கம், கரட்டோரம். புளியமரத்தடியில பாய் விரிச்சு, குடல் குழம்பு, ரத்தப் பொரியல், எலும்புக் குழம்பு. நான் நல்லா சாப்பிட்டேன், அதைச் சொல்லியே ஆகணும், கிடா வெட்டுல போய் நான் டயட்டுன்னு உக்காரல. ஆனா பட்டறைக்காரன் கிளாஸ நீட்டினான். அவங்க மாமா, மச்சான் எல்லாரும் சுத்தி இருக்காங்க.

"வேணாம் மாப்ள."

"எங்க சாமி கோயில்லயேவா?"

"வேணாம்டா. நிறுத்திட்டேன்."

"யாரு சொல்லி? வீட்டுக்காரம்மா சொல்லியா?" சுத்தி சிரிப்பு.

"யாரும் சொல்லல. ஸ்கேன்ல வந்திருக்கு. எங்க சித்தப்பாவுக்கு வந்த வழியில போய்க்கிட்டிருக்கேன்."

மஞ்சக்காமாலைன்னு நான் சொல்லல. அவனுக்கும் சித்தப்பாவ நல்லாத் தெரியும். சின்ன வயசுல எங்க ரெண்டு பேரையும் சைக்கிள்ல முன்னாடியும் பின்னாடியும் வச்சு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனவர். அவன் கிளாஸ கீழ வச்சான், அப்புறம் எடுத்து அவனே குடிச்சான். ஒண்ணும் பேசல. நான் கிளம்பும்போது கூட வெளிய வரல.

அடுத்த சனிக்கிழமை எனக்கு போன் வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. உடம்பு குறையணும்னு ஆரம்பிச்சது, வாழ்க்கையில இருக்குற ஒரே பழைய நட்பு குறையுதுன்னு ஆயிடுச்சு. அந்த ஆறேழு வாரம்தான் எடை வேகமா இறங்கின நேரம், நாலு கிலோ. சந்தோஷமே இல்ல. வெயிட் மெஷின்ல ஏறி நின்னு யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல.

தொழில்லயும் பயம் இருந்துச்சு. பார்ட்டியோட உக்காராம நூல் விக்க முடியுமான்னு. முடிஞ்சுது, பெரும்பாலும். சோடாவுல எலுமிச்சை, உப்பு போட்டு கிளாஸ கையில வச்சுக்கிட்டா முக்கால்வாசிப் பேர் கேக்குறதே இல்ல, ஏன்னா அவங்கவங்க கிளாஸப் பாக்கவே அவங்களுக்கு நேரம் சரியா இருக்கு. ஒரு பார்ட்டி மட்டும் ஆர்டர் குடுக்குறத நிறுத்திட்டார். அது இதனாலயா, இல்ல எங்க ரேட்டாலயான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

சாப்பாட்டைப் பத்தி ரொம்ப பேர் கேக்குறாங்க, பிரியாணிய விட்டுட்டியான்னு. திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டா? 1957-ல நாகசாமி நாயுடு தலப்பாக்கட்டோட கடை போட்டு உக்காந்ததுலருந்து இந்த ஊருக்கு வெளியில இருக்குற அடையாளமே அதுதானே. மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, மத்தியானம் மட்டும், பகல் வெளிச்சத்துல. சீரக சம்பா சின்ன அரிசி, கொஞ்சமாத் தெரியும், ஆனா நெய்யும் எண்ணெயும் நல்லாப் பிடிக்கும். அதனால ஒரு பிளேட்ட நானும் என் மனைவியும் பகிர்ந்துக்குறோம். கூட ரெண்டு அவிச்ச முட்டை, வெங்காயம். தாரளமா போதுது. சரக்கோட சேராத பிரியாணி என்னை ஒண்ணும் பண்ணல. இதை நான் ரொம்ப லேட்டாத்தான் கண்டுபிடிச்சேன்.

நடை, காலைல மலைக்கோட்டை அடிவாரத்தைச் சுத்தி, ஒரு அஞ்சு கிலோமீட்டர். வாரத்துக்கு மூணு நாள் ஜிம்முல எடை தூக்குறேன். நடை மட்டும் போதும்னு நெனச்சேன், ஆனா எடை குறையுறப்ப கொழுப்போட சதையும் சேந்து போகும்னு டாக்டர் சொன்னார். சதை போனா திரும்ப ஏறுறது சுலபமாயிடும். அதனால முட்டை, பருப்பு, கொள்ளு, கோழிக்கறின்னு புரதம், கூடவே எடை தூக்குறது. மாசத்துக்கு ஒரு தடவை சிறுமலை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, வண்டியில மேல போய், அங்க காட்டோரம் நடந்துட்டு, மலை வாழைப்பழம் வாங்கிட்டு வர்றது. முன்னாடியும் சிறுமலை போவோம். அப்ப டிக்கியில என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப எங்க நிக்கிறேன்னா, 79 கிலோ. நான் 170 சென்டிமீட்டர் உயரம், பிஎம்ஐ 27. இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே கூடுதல் எடை, 25 தாண்டினா உடல் பருமன். ஆக நான் இன்னும் பட்டியல்லதான் இருக்கேன். இடுப்பு 104 சென்டிமீட்டர்ல இருந்து 93. ஆம்பளைங்களுக்கு 90, பொம்பளைங்களுக்கு 80-க்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க. மூணு சென்டிமீட்டர் பாக்கி. ஸ்கேன்ல கிரேடு 1.

குடிய முழுசா விட்டேனான்னு கேட்டா, உண்மையச் சொல்றேன். முதல் எட்டு மாசம் ஒரு சொட்டு இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு கல்யாணத்துல ஆளுக்கொரு கட்டிங் எடுத்தேன். டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் திட்டல, "உங்க கல்லீரலுக்கு நான் ஒரு அளவு எழுதித் தர மாட்டேன்"னார். 2023 ஜனவரியில உலக சுகாதார அமைப்பும் அதையேதான் சொன்னாங்க, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கெடயாதுன்னு. ஆக வாரத்துக்கு இத்தனை மில்லி வச்சுக்கிட்டு இப்படி உடம்பு குறைக்கலாம்னு யாராவது ஒரு ஃபார்முலா எதிர்பாத்து இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, என்கிட்ட அது இல்ல. எனக்கு எது வேலை செஞ்சதுன்னா, டேபிளுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்ல வயிறு நிறைய சாப்பிட்டுப் போறது, பொய்க் காரணம் சொல்லாம நேரா ஒரே வரியில சொல்றது, பரோட்டாக் கடைக்கு வண்டி திரும்புறதுக்கு முன்னாடி கிளம்புறது. முதல் ரெண்டு மாசம் சங்கடமா இருக்கும். மூணாவது மாசம் அவங்களே "அவனுக்கு சோடா"ன்னு சொல்லிடுறாங்க, மாலை இல்லாமலே. 'சாமி'ன்னு மட்டும் கூப்பிட மாட்டாங்க.

வாத்தியாரும் பேட்டைக்காரனும் இப்ப சிறுமலைக்கு வர்றாங்க. பேட்டைக்காரன் பாதி வழியில உக்காந்துடுவான், ஆனா வர்றான்.

பட்டறைக்காரன் ரொம்ப நாள் பேசல. போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, மில்லுல இருக்கேன், போன் வந்துச்சு. நலம் விசாரிக்கல, ஒண்ணும் இல்ல.

"நீ அந்த ஸ்கேன் எங்கடா எடுத்த? எவ்வளவு ஆகும்?"

"யாருக்குடா?"

கொஞ்ச நேரம் கிரில்லு வெல்டிங் சத்தம்தான் கேட்டுச்சு. "ஒருத்தருக்கு"ன்னான்.

இடத்தைச் சொன்னேன். காலைல வெறும் வயித்துல வரணும், முந்தின நாள் ராத்திரி எதுவும் வேணாம்னு சொன்னேன். "ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவு. சனிக்கிழமை காலைல வரச் சொல்லு, நானும் வர்றேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன பண்றது?"ன்னு கேட்டான்.

வீட்டுக்கு வா, அம்மா தோசை சுடும்னு சொன்னேன்.